இல்லாத ஒன்றைச் சுட்டினால் என்ன ஆகும்? ரஸ்ஸல், ஃபிரேகே, ஸ்ட்ராசன், ஹில்பெர்ட்

"மிகப்பெரிய பகா எண் ஒற்றைப்படை" என்று ஒருவர் எழுதுகிறார். அப்படி ஓர் எண்ணே கிடையாது. பகா எண்களுக்கு முடிவில்லை என்பதை யூக்ளிட் எப்போதோ நிறுவிவிட்டார். அப்படியானால் இந்த வாக்கியம் பொய்யா, அல்லது மெய்யும் இல்லை பொய்யும் இல்லையா? "மிகப்பெரிய பகா எண்" போல ஒன்றை மட்டுமே சுட்ட வேண்டிய சொற்றொடர், அதாவது வருணனை, எதையுமே சுட்டாதபோதும், "4-இன் வர்க்கமூலம்" போல 2, −2 என்று இரண்டைச் சுட்டும்போதும் இதே சிக்கல்தான். தத்துவ, கணித அறிஞர்கள் இதற்குச் சொன்ன நான்கு வழிகளில் என் ஓட்டு ரஸ்ஸலுக்கு, ஆனால் எல்லா வேலைக்கும் அல்ல.

ரஸ்ஸல் 1905-இல் சொன்ன வழி இது: வருணனையை ஒரு பெயராக நினைக்காதே, பிரித்துப் போடு. அப்படி ஒன்று இருக்கிறது, அதைத் தவிர வேறொன்று இல்லை, அது ஒற்றைப்படை. முதல் இரண்டையும் சேர்த்து ∃ப ∀ம (ந(ம) ↔ ம = ப) என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்; இங்கே ∃ என்றால் 'ஒன்று உண்டு', ∀ என்றால் 'எதை எடுத்தாலும்', ↔ என்றால் 'இருந்தால், இருந்தால் மட்டுமே', ந(ம) என்றால் 'ம மிகப்பெரிய பகா எண்'. சமக்குறியைத் தாண்டிப் புதிதாக எதுவும் தேவைப்படவில்லை. முதல் கூற்றே தவறு என்பதால் வாக்கியம் பொய்.

இதன் அருமை எதிர்மறையில்தான் தெரியும். "மிகப்பெரிய பகா எண் ஒற்றைப்படை அல்ல" என்பதை எப்படிப் படிப்பது? 'அப்படி ஓர் எண் உண்டு, அது ஒற்றைப்படை அல்ல' என்றால் பொய். '"அப்படி ஓர் எண் உண்டு, அது ஒற்றைப்படை" என்ற முழுக் கூற்றும் சரியல்ல' என்றால் மெய். ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு வாசிப்பு ஒளிந்திருப்பதை வேறு எந்த வழியும் இவ்வளவு தெளிவாக வெளியே கொண்டுவருவதில்லை. விலையும் உண்டு. வருணனைக்குள் வருணனை வந்தால் வாய்பாடு நீண்டுகொண்டே போகும், எது எதற்குள் அடங்குகிறது என்று ஒவ்வொரு முறையும் குறிக்க வேண்டும்.

ஃபிரேகே வேறு பக்கம் போனார். சரியான பொருள் கிடைக்காத வருணனைக்கு நாமே ஒரு பொருளை ஒதுக்கிவிடலாம், உதாரணமாக 0. எல்லா வருணனையும் எதையாவது சுட்டும். கணக்குப் போட வசதி. ஆனால் விளைவைப் பாருங்கள்: 0 இரட்டைப்படை என்பதால் "மிகப்பெரிய பகா எண் இரட்டைப்படை" மெய்யாகிவிடும். "மிகப்பெரிய பகா எண் = 4-இன் வர்க்கமூலம்" என்பதும் மெய். இதை ஒரு வாக்கியத்தின் பொருள் என்று என்னால் ஏற்க முடியாது.

ஸ்ட்ராசன் 1950-இல் ரஸ்ஸலை மறுத்தார். பிரான்சின் இப்போதைய அரசர் அறிவாளி என்று யாராவது சொன்னால் நாம் "பொய்" என்பதில்லை, "பிரான்சில் ஏதப்பா அரசர்?" என்றுதான் கேட்போம். மெய்யா பொய்யா என்ற கேள்வியே அங்கே எழவில்லை என்பது அவர் கட்சி. பேச்சு நடக்கும் விதத்துக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் மெய், பொய் இரண்டையே நம்பி நிற்கும் தருக்கத்தில் இதை வைத்தால் அடிப்படை விதிகளையே திரும்ப எழுத வேண்டிவரும்.

ஹில்பெர்ட்டும் பெர்னாய்ஸும் 1934-இல் கண்டிப்பாக ஒரு நிபந்தனை போட்டார்கள்: இருப்பையும் (அப்படி ஒன்று உண்டு) ஒருமையையும் (ஒன்றுதான் உண்டு) நிறுவிய பிறகே வருணனையை எழுதலாம். கணிதத்தில் தினமும் நடப்பது இதுதான். குலம் (group) என்ற கணித அமைப்பு ஒன்றில் ச, த இரண்டும் சமனி உறுப்புகள், அதாவது ∗ என்ற செயலால் எதனோடு சேர்த்தாலும் அதை மாற்றாதவை, என்று வைத்துக்கொள்ளுங்கள். த சமனி என்பதால் ச = ச∗த. ச சமனி என்பதால் ச∗த = த. ஆக ச = த. இந்த ஒரு வரிக்கு அப்புறம்தான் அதற்கு ஒரு தனிக் குறி கொடுக்கும் உரிமை வருகிறது. சங்கடம் என்னவென்றால், ஒரு குறித்தொடர் சரியான சொல்லா இல்லையா என்பதே நிரூபணத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது.

நிரூபணங்களைச் சரிபார்க்கும் கணினி மென்பொருள்கள் அதனால்தான் ஃபிரேகேயின் பக்கம் சாய்ந்தன. லீன் மென்பொருளில் 1/0 என்பதன் மதிப்பு 0. இசபெல் என்ற இன்னொரு மென்பொருளில் வருணனையை யார் வேண்டுமானாலும் எழுதலாம், தடையில்லை. ஆனால் அந்த வருணனை சுட்டும் பொருளுக்கு அந்தப் பண்பு உண்டு என்று அடுத்த வரியில் சொல்லப் போனால், இருப்புக்கும் ஒருமைக்கும் நிரூபணம் கேட்கும்.