புல் துடைப்பமா, பிளாஸ்டிக் துடைப்பமா?

வீட்டுக்குள் கூட்டுவதற்கு எதை வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டதால் இதை எழுதுகிறேன். பல ஆண்டுகளாகப் புல் துடைப்பமே என் வழக்கம். பிளாஸ்டிக் துடைப்பத்துடனும் போதிய பழக்கம் உண்டு. வெளியே சருகு கூட்ட ஈர்க்குமாறுதான் என்பதால் அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

புல் துடைப்பம் என் பொறுமையைச் சோதிப்பது அது புதிதாக இருக்கும்போதுதான். தைசனோலேனா என்னும் புல்லின் பூங்கதிர்களைத்தான் உலர்த்திக் கட்டுகிறார்கள் என்பதால், காய்ந்த பூத்துகள் ஒவ்வொரு வீச்சுக்கும் உதிர்கின்றன. அறை முழுவதும் கூட்டி முடித்துத் திரும்பிப் பார்த்தால், கூட்டிய தடத்திலேயே மெல்லிய பழுப்புத் தூள் கோடு கோடாகக் கிடக்கிறது. அதை அள்ள மீண்டும் அதே துடைப்பத்தை எடுக்க வேண்டும் என்பதுதான் எரிச்சலின் உச்சம். வெளியே கொண்டுபோய்த் தட்டி, பழைய சீப்பால் வாரி, தண்ணீரில் அலசி, தொங்கவிட்டு உலர்த்தினால் உதிர்வது பெருமளவு குறைகிறது, ஆனால் அடியோடு நிற்பதில்லை.

இந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டால் அதற்கு இணை கிடையாது. மயிரிழை போன்ற அதன் கிளைகள், மாவுபோன்ற தூசியையும் கிளப்பாமல் ஒதுக்கித் தருகின்றன. பிளாஸ்டிக் நார்களோ, காற்று வறண்டிருக்கும் நாட்களில் தரையில் உரசி நிலைமின்னேற்றம் பெறுவதால், தலைமுடியையும் பஞ்சையும் விடாமல் பிடித்துக்கொள்கின்றன. கடைசியில் விரலால்தான் பிய்த்தெடுக்க வேண்டும். ஈரத்தரைக்குப் பிளாஸ்டிக்கே ஏற்றது என்பதை மட்டும் மறுக்க மாட்டேன். நனைந்தபடியே மூலையில் சாய்த்து வைத்த புல் துடைப்பத்தில் பூஞ்சை பிடிக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் நண்பருக்கு என் பதில், பிளாஸ்டிக்கையே வாங்குங்கள் என்பதுதான். நன்றாகப் பழகிப்போயிருந்த என் துடைப்பத்தின் கைப்பிடி இந்த வாரம் கழன்றுவிட்டது. கைப்பிடிக்குள் இருக்கும் புல் தாள்கள் காயக் காயச் சுருங்குவதால் அதன் உறை தளர்கிறது. ஒரு தாள் உருவப்பட்டதும் மற்றவையும் ஒவ்வொன்றாக வெளியேறுகின்றன. உள்ளே கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தால் இது இத்தனை சீக்கிரம் நேராது. என்னுடையதில் பிளாஸ்டிக் உறையைச் செருகியதோடு விட்டிருந்தார்கள். இன்னொரு புதிய துடைப்பத்தைத் தட்டி, வாரி, அலசும் மனநிலையில் நான் இப்போது இல்லை. பிளாஸ்டிக்கில் வாங்கும்போது நார்களின் நுனி பிளந்து பஞ்சுபோல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நுனி பிளவாத தடித்த நார் மணலைத் தள்ளும், நுண்தூசியைத் தரையிலேயே விட்டுவிடும்.