நவநீத கிருஷ்ணனை எந்தக் கிடங்கில் விடுவது?

பெங்களூர் அல்சூர் வீட்டுக் கூடத்தில், எங்கள் தாத்தா காலத்துத் தஞ்சாவூர் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. வெண்ணெய்ப் பானையோடு நவநீத கிருஷ்ணன். போன வருடம் அதன் கீழே தினமும் பெருக்கும்போது ஒரு சிட்டிகை மஞ்சள் மாவு கிடந்தது. சுவர் பூச்சு உதிர்கிறது என்று ஒரு மாதம் விட்டுவிட்டோம். படத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் பலகையில் குண்டூசி முனை அளவுக்கு ஏழெட்டு ஓட்டைகள். உளு அரித்திருக்கிறது.

அதற்கு முன் நாங்கள் செய்த தப்பு ஒன்றும் உண்டு. கண்ணாடி மாற்றுவதற்காக ஒரு ஃபிரேம் கடையில் கொடுத்தோம். "பளிச்சுன்னு ஆக்கித் தரேன் சார்" என்றார் கடைக்காரர். ஈரத்துணியால் துடைத்து வார்னிஷும் அடித்துக் கொடுத்துவிட்டார். தஞ்சாவூர் படத்தில் அடியில் பலகை, அதன்மேல் ஒட்டிய துணி, துணிமேல் சுக்கான் மாவுப் பூச்சு. தங்க ரேக்கும் கல்லும் வண்ணமும் அதற்கப்புறம்தான். மாவுக்குள் ஈரம் போனால் ஊறும், காய்ந்தால் வெடிக்கும். கிருஷ்ணனின் இடது முழங்காலில் இப்போது விரல் நீளத்துக்கு ஒரு கீறல் ஓடுகிறது.

நண்பர் ஒருவருக்கு வேறு தலைவலி. சிவாஜிநகரில் அவருடைய அப்பா ஸ்டுடியோ வைத்திருந்தார். 1950களிலிருந்து எடுத்த நெகட்டிவ்கள் மூன்று டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. திறந்தால் கெட்டுப்போன ஊறுகாய் ஜாடி மாதிரி புளிப்பு வாடை குப்பென்று அடிக்கிறது. அசிடேட் ஃபிலிம் சிதையும்போது வருகிற அசிட்டிக் அமிலத்தின் வாடை அது. ஒரு ஃபிலிம் கெட ஆரம்பித்தால் அதன் ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். மூடிய இரும்புப் பெட்டி அதற்கு வசதியாகப் போய்விடுகிறது.

காபி குடிக்கும்போது பேச்சு வந்தது: ரெண்டையும் பேசாமல் ஒரு மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டால் என்ன? சரி, எந்த மாதிரி மியூசியத்துக்கு? கிடங்கு, பழுதுபார்க்கும் கூடம், காட்சிக்கூடம் மூன்றையும் ஒரே வளாகத்தில் வைப்பதுதான் இப்போது உலகம் முழுக்கப் பேச்சு. பெங்களூரில் யாராவது அப்படி ஒன்று கட்டினால் எந்த மாதிரியைப் பின்பற்ற வேண்டும் என்று நாங்கள் நாலு பேரும் சண்டை போட்டோம். அந்தச் சண்டையைத்தான் எழுதுகிறேன். பொருளைக் கொடுக்கிறவனுக்கு இரண்டே கேள்வி. பத்திரமாக இருக்குமா? மறுபடி பார்க்க விடுவார்களா?

முதல் கேள்விக்கு மட்டும் மதிப்பெண் என்றால் பிரான்சின் லியேவாங்தான் முதலிடம். 2016 ஜூனில் பாரிஸில் சேன் நதி பெருகியபோது லூவ்ர் மியூசியத்தை மூடிவிட்டு, கீழ்த்தளத்தில் இருந்த கலைப்பொருட்களை அவசர அவசரமாக மேலே ஏற்றினார்கள். இந்த வெள்ள பயத்தால் கிடங்கே ஊருக்குள் வேண்டாம் என்று முன்பே முடிவெடுத்திருந்தார்கள்; அதன்படி பாரிஸிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வடக்கே லியேவாங் என்ற ஊரில் புதுக் கட்டடம் எழுப்பினார்கள். 2019-இல் திறந்தது. சுமார் 2.5 லட்சம் பொருட்களுக்கு இடம், பாதி மண்ணுக்குள், கூரைமேல் புல். ஆராய்ச்சியாளர்களும் பழுதுபார்ப்பவர்களும் போகலாம். உங்களையும் என்னையும் போன்றவர்கள் வெளியே நின்று புல்லைப் பார்க்கலாம். நண்பர் இதற்குத்தான் ஓட்டுப் போட்டார். அவருக்கு நெகட்டிவ் பிழைத்தால் போதும். எனக்கு இது வங்கி லாக்கரில் நகையை வைத்துவிட்டுச் சாவியையும் அங்கேயே கொடுத்துவிட்டு வருகிற மாதிரி தோன்றியது.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் வேறு வழியில் போனது. போய்மான்ஸ் மியூசியம் தன் கிடங்கையே ஒரு காட்சிப் பொருளாக்கி 2021 நவம்பரில் திறந்தது. பெரிய உலோகச் சட்டி மாதிரி வட்டக் கட்டடம், உயரம் 39.5 மீட்டர், வெளிப்புறம் முழுக்க 1,664 கண்ணாடித் துண்டுகள், மேலே பிர்ச் மரங்கள். படத்தில் பார்த்தால் 'எவர்சில்வர் பாத்திரக் கடை விளம்பரமா?' என்று கேட்கத் தோன்றும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டேவிட்டார்.

உள்ளே இருக்கிற ஏற்பாடு அந்தக் கண்ணாடியைவிட எனக்குப் பிடித்திருக்கிறது. 1,51,000-க்கு மேற்பட்ட பொருட்களை நூற்றாண்டுவாரியாகவோ ஓவியர்வாரியாகவோ அடுக்கவில்லை. எதனால் செய்தது, அதற்கு என்ன காற்று வேண்டும் என்று பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். உலோகத்துக்கு ஒரு சூழல், பிளாஸ்டிக்குக்கு ஒன்று, மரம் துணி போன்றவற்றுக்கு ஒன்று, கறுப்பு வெள்ளைப் புகைப்படத்துக்கும் வண்ணப் புகைப்படத்துக்கும் தனித்தனி. எங்கள் இரண்டு பொருட்களை வைத்துப் பார்த்தாலே இதன் அருமை புரியும். நண்பரின் நெகட்டிவ் குளிரிலும் வறட்சியிலும்தான் நீடிக்கும், ஈரப்பதம் 30, 40 விழுக்காட்டில் இருந்தால் அதற்கு நிம்மதி. என் பலகையை அந்த அறையில் வைத்தால் மரம் சுருங்கி, மாவுப் பூச்சு இன்னும் இரண்டு இடத்தில் வெடிக்கும். அதற்கு 50-ஐ ஒட்டி ஏற்ற இறக்கமில்லாமல் இருக்க வேண்டும். வெண்கலச் சிலை ஒன்று இருந்தால் அதற்கு மறுபடியும் வறட்சி வேண்டும். உலோகத்துக்குள் குளோரைடு உப்பு தங்கியிருந்தால், ஈரம் பட்டதும் வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து அரிக்கத் தொடங்கிவிடும். மூன்றையும் ஒரே 'ஏசி ஸ்டோர் ரூமில்' அடைக்கிற இடத்துக்கு எதையும் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

ராட்டர்டாமில் இன்னொரு விஷயம். தனியார் சேகரிப்பாளர்களும் நிறுவனங்களும் வாடகை கொடுத்து அதே அறைகளில் தங்கள் பொருட்களை வைக்கலாம். தானம் கொடுக்க மனசு வராத வீடுகளுக்கு இது நல்ல நடுவழி. நம் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு தஞ்சாவூர் படமோ மைசூர் படமோ இருக்கிறது. பத்திரமாக வைக்கத்தான் இடமில்லை. ராட்டர்டாமில் பார்வையாளர்களுக்கு டிக்கெட் உண்டு. கட்டடத்துக்குள் சுற்றலாம், கண்ணாடி வழியே வேலை நடப்பதைப் பார்க்கலாம், கிடங்கு அறைக்குள் மட்டும் சிறு குழுவாக ஆள் கூட்டிப் போவார்கள். நியாயம்தான். ஒவ்வொரு ஆளும் மூச்சோடு ஈரத்தையும் உள்ளே கொண்டு போகிறான் அல்லவா?

லண்டன் இன்னும் தாராளம். வி அண்ட் ஏ (விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்) மியூசியம் தன் கிழக்கு லண்டன் கிடங்கை 2025 மே 31-இல் திறந்தது. ஸ்டோர்ஹவுஸ் என்று பெயர். 2012 ஒலிம்பிக்கின்போது ஊடகங்களுக்காகக் கட்டிய மையத்தில் ஒரு பகுதி. அதற்கு முன் இந்தப் பொருட்கள் பிளைத் ஹவுஸ் என்ற பழைய கட்டடத்தில் இருந்தன. அதை விற்கப் போவதாக 2015-இல் அரசு சொன்னதால்தான் இவ்வளவும் நடந்தது. கட்டாயம் வந்தால்தான் நல்ல காரியம் நடக்கும் போல. 2.5 லட்சம் பொருட்கள், மூன்றரை லட்சம் புத்தகங்கள். அனுமதி இலவசம். அடுக்குகளுக்கு நடுவே நடந்து போகலாம், நாற்காலிக்குப் பக்கத்தில் வாள், வாளுக்குப் பக்கத்தில் பொம்மை என்று கலந்து கட்டி. ஆக்ராவிலிருந்து போன முகலாயர் காலத்துப் பளிங்குத் தூண் வரிசை ஒன்றும் அங்கேதான் நிற்கிறது. பார்க்கிற நம் ஆட்களுக்கு வயிறு எரியும், அது தனிக் கதை.

லண்டனின் துருப்புச் சீட்டு, பொருளை ஆர்டர் செய்யலாம் என்பதுதான். இணையத்தில் தேடி ஐந்து பொருட்கள் வரை தேர்ந்தெடுத்து, இரண்டு வாரம் முன்னதாகப் பதிவு செய்தால், மேசையில் எடுத்து வைத்துக் காட்டுவார்கள். பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை, காரணம் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர் ஆவணக் காப்பகம் ஒன்றில் கடிதம், சிபாரிசு, அடையாள அட்டை நகல் எல்லாம் கொடுத்துவிட்டு மூன்று தடவை திரும்பி வந்தவன் என்ற முறையில் இதைப் படித்தபோது பெருமூச்சு விட்டேன். ஆனால் அறை பிரிப்பில் லண்டனைவிட ராட்டர்டாம்தான் என் கண்ணுக்குக் கெட்டி. அத்தனை பேர் நடமாடும் பெரிய கூடத்தில் என் பலகையை வைக்கத் தயக்கம் இருக்கிறது.

உள்ளூருக்கு வருவோம். கஸ்தூர்பா சாலையில் 2023 பிப்ரவரி 18-இல் திறந்த கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம், எல்லோரும் 'மேப்' என்று சொல்வது, நமக்குக் கைக்கெட்டிய தூரம். அபிஷேக் போத்தார் தன் சேகரிப்பைக் கொடுத்துத் தொடங்கியது. ஐந்து தளம், வெளியே புடைப்புக் குறி போட்ட ஸ்டீல் தகடுகள். ஊர்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துச் செய்த வடிவம். காட்சிக்கூடம், நூலகம், அரங்கு, பழுதுபார்க்கும் ஆய்வகம் எல்லாம் ஒரே கட்டடத்துக்குள். கப்பன் பார்க் மெட்ரோவில் இறங்கி நடந்தே போகலாம். பேருக்கேற்ப புகைப்படத்துக்கு முதல் மரியாதை உண்டு என்பதால் நண்பருக்கு இங்கே ஒரு கண்.

என் தயக்கம் அந்த நிறுவனத்தைப் பற்றியது அல்ல, நகர நடுவில் எல்லாவற்றையும் அடக்குகிற மாதிரியைப் பற்றியது. திறக்கும்போதே அவர்கள் கையில் 60,000 பொருட்கள். கஸ்தூர்பா சாலையில் சதுர அடி என்ன விலை என்று கேட்டால் மயக்கம் வரும். அந்த விலையில் கிடங்கு எவ்வளவு தூரம்தான் விரிய முடியும்? நகர நடுவில் இருக்கிற கட்டடம், போகப் போகக் கடைவீதிக் கண்ணாடி அலமாரி ஆகிவிடும். மூட்டை எல்லாம் வேறெங்காவது போகும். டெல்லியில் கிரண் நாடார் அருங்காட்சியகம் விமான நிலையத்துப் பக்கம் பெரிய வளாகமாகக் கட்டப் போனதும் இந்தக் கணக்கில்தான் என்று நினைக்கிறேன். (கிரண் நாடாரின் கணவர் ஷிவ் நாடார் தூத்துக்குடிப் பக்கத்து ஆள் என்று எங்கள் கூட்டத்தில் இரண்டு முறை பெருமையாகச் சொல்லப்பட்டது.)

சரி, பெங்களூரில் புறநகர் என்றால் எந்தப் பக்கம்? 2022 செப்டம்பர் மழையில் வெளிவட்டச் சாலையிலும் பெல்லந்தூர்ப் பக்கமும் டிராக்டரில் ஆபீஸ் போனதை யாரும் மறக்கவில்லை. ஏரியை மூடி எழுப்பிய இடத்தில் பேஸ்மெண்ட் கிடங்கு கட்டுகிறவனுக்கு பாரிஸ் கதையை வாசித்துக் காட்ட வேண்டும். கிடங்கு முதல் மாடிக்கு மேலேதான் இருக்க வேண்டும், பேஸ்மெண்டில் கார் நிற்கட்டும். மெட்ரோவின் ஊதா லைன் ஸ்டேஷனிலிருந்தோ பச்சை லைன் ஸ்டேஷனிலிருந்தோ நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திறந்த முதல் மாதத்துக்கு அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி வந்தால்தான் கூட்டம். ஒரு வசதி, சென்னை மும்பை மாதிரி வருடம் முழுக்கப் புழுக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். மார்ச்சில் உதடு வெடிக்கிற வறட்சிக்கும் ஜூலை ஈரத்துக்கும் நடுவே இருக்கிற தாவலைத்தான் சமாளிக்க வேண்டும்.

ஆக, என் ஓட்டு ராட்டர்டாம் அறைகளுக்கு, லண்டன் மேசையோடு சேர்த்து. மெட்ரோ ஓரமாக, மேட்டு நிலத்தில். மேப் மாதிரி இடங்கள் அங்கிருந்து எடுத்து வந்து காட்டட்டும்.

இதையெல்லாம் நான் வெளிநாட்டுக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கும்பகோணத்துக்காரர் ஒருவர் குறுக்கிட்டார். "எழும்பூர் மியூசியத்துல 1930லயே லேப் வச்சுட்டாங்க, தெரியுமா?" தெரியும். வேதியியலாளர் எஸ். பரமசிவன் அங்கே வெண்கலச் சிலைகளின் அரிப்பை மின்பகுப்பு முறையில் நீக்கினார், தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களையும் ஆராய்ந்தார். கும்பகோணத்துக்காரர் அடுத்துச் சொன்னதைத்தான் நான் யோசித்ததே இல்லை. திருவாரூர் கோயில் வளாகத்தில் சிலைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. காவல் இல்லாத கிராமத்துக் கோயில்களின் உற்சவ மூர்த்திகளை அங்கே கொண்டுபோய்ப் பூட்டி வைத்திருக்கிறார்கள். வரிசை வரிசையாகச் சாமிகள், அலமாரியில் ஃபைல் மாதிரி. பார்க்க மனசு சங்கடப்படும், பராமரிப்பைப் பற்றியும் குறை சொல்பவர்கள் உண்டு. ஆனாலும் திருவிழா வந்தால் ஊர்க்காரர்கள் போய்க் கையெழுத்துப் போட்டு, போலீஸ் காவலோடு தங்கள் சாமியை ஊருக்கு அழைத்துவந்து, வீதி உலா முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். லியேவாங்கிலும் ராட்டர்டாமிலும் லண்டனிலும் இந்த ஏற்பாடு கிடையாது. லண்டனில்கூடப் பொருள் மேசை வரைதான் வரும்.

இப்போதைக்கு நாங்கள் செய்தது இவ்வளவுதான். தெரிந்த கன்சர்வேட்டர் (கலைப்பொருள் பாதுகாப்பு நிபுணர்) ஒருவர் சொன்னபடி படத்தைக் காற்றுப் புகாத உறைக்குள் வைத்து, நைட்ரஜன் செலுத்தி, ஆக்சிஜனை அரை விழுக்காட்டுக்கும் கீழே இறக்கி மூன்று வாரம் வைத்தார்கள். உளு செத்தது, ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. முழங்கால் கீறலைத் தொட வேண்டாம் என்றார். நண்பர் வாடை அடிக்கிற நெகட்டிவ்களைத் தனியாகப் பிரித்து, பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டுக் காகித உறைக்கு மாற்றி, இரும்புப் பெட்டிக்கு வெளியே வைத்திருக்கிறார். நல்லவற்றை மேப்புக்குக் கொடுக்கலாமா என்று இன்னும் யோசிக்கிறார்.

என் மனைவியிடம் நாலு மாதிரிகளையும் விளக்கினேன், கை ஆட்டி ஆட்டி, ஈரப்பதக் கணக்கு உட்பட. பொறுமையாகக் கேட்டாள்.

"கோகுலாஷ்டமிக்குக் கேட்டா குடுப்பாங்களா?"

லண்டன் மாதிரியில் இரண்டு வாரம் முன்னாடி பதிவு செய்தால் பார்க்கலாம் என்றேன்.

"பார்க்கிறதுக்கா கேட்டேன்? முன்னாடி வெண்ணெய் வைக்க விடுவாங்களா?"

படம் கூடத்துச் சுவரிலேயே இருக்கிறது. வெண்ணெய்க் கிண்ணத்தை மட்டும் இரண்டடி தள்ளி வைப்பது என்று பேசி முடித்திருக்கிறோம்.