கோவையிலிருந்து ஒருநாள் மழைப் பயணம்: வால்பாறையா, கோத்தகிரியா, மறையூரா?

ஜூன் பிறந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கிவிட்டால் கோவைக்காரர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிட வேண்டும், மழையில் நனைய வேண்டும், மலையையும் கண்ணால் பார்க்க வேண்டும். இதில் கடைசி ஆசைதான் சிக்கல். மழை வலுத்தால் மேகம் இறங்கிவிடும், காட்சிமுனையில் நின்றால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. அதனால் 'எங்கே அதிக மழை' என்று தேடிக்கொண்டு போவதை நான் விட்டுவிட்டேன். எந்த மாதத்தில் எந்தச் சரிவு நனைகிறது என்று பார்த்தால் பாதி முடிவு வந்துவிடும்.

தென்மேற்குப் பருவமழை அரபிக்கடலிலிருந்து வருவதால் மேற்கே பார்த்த சரிவுகளில்தான் கொட்டித் தீர்க்கும். வால்பாறை, மூணாறு, கூடலூர் எல்லாம் அந்த வகை. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பதிவானது இந்த மழையில்தான். கோத்தகிரி தொட்டபெட்டா சிகரத்துக்குக் கிழக்கே இருக்கிறது. ஜூன், ஜூலையில் அங்கே தூறலும் குளிர்காற்றும்தான், அதன் கனமழை அக்டோபருக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் வரும். 'நீலகிரியில் மிக கனமழை' என்று செய்தியில் பார்த்தவுடன் கோத்தகிரிப் பயணத்தை ரத்து செய்பவர்கள், மழை மாவட்டத்தின் எந்தப் பக்கம் பெய்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை என் ஓட்டு வால்பாறைக்கு. பொள்ளாச்சியிலிருந்து சுமார் 65 கி.மீ., நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். இங்கே ஊரைவிடப் பாதைதான் அழகு. ஆழியாறு அணையைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் பாறைச் சரிவில் வரையாடுகள் நிற்கும், சில சமயம் சாலை ஓரத்துக்கே வந்துவிடும். ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் காட்சிமுனையிலிருந்து ஆழியாறு நீர்த்தேக்கம் முழுதாகத் தெரியும். போகும்போதே இறங்கிப் பார்த்துவிடுங்கள், 'திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால் மேகம் மூடியிருக்கும். கவர்கல் பக்கம் பட்டப்பகலில் விளக்குப் போட்டு ஓட்ட வேண்டிய அளவுக்கு மூட்டம் இறங்கும். அதன்பின் தேயிலைத் தோட்டங்கள், நடுநடுவே துண்டு துண்டாகச் சோலைக்காடு. புதுத்தோட்டம் அருகே சிங்கவால் குரங்குகளைச் சாலையிலேயே பார்க்கலாம். தயவுசெய்து தின்பண்டம் போடாதீர்கள், அந்தப் பழக்கத்தால்தான் அவை வண்டிகளில் அடிபடுகின்றன.

ஊருக்குள் போனதும் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடினால் நாள் கெட்டுவிடும். கூழாங்கல் ஆறு, நல்லமுடி காட்சிமுனை, சோலையாறு அணை மூன்றும் மூன்று திசை மாதிரி. இரண்டு போதும். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் முழு நீர்மட்டம் 160 அடியான சோலையாறு அணை ஜூலையிலேயே நிரம்பிவிடும், அப்போது நல்லமுடியை விட்டுவிட்டு அணைக்கே போகலாம். நல்லமுடியில் பள்ளத்தாக்கு தெரியுமா தெரியாதா என்பது அன்றைய மேகத்தின் கையில். தமிழகத்தின் சிரபுஞ்சி என்று சொல்லப்படும் சின்னக்கல்லாறு அருவியை நம்பித் திட்டம் போட வேண்டாம். அது காட்டுக்குள் இருக்கிறது, வெள்ளம் வந்தால் மூடிவிடுவார்கள். குரங்கு அருவிக்கும் அதே கதிதான்.

சிலர் ஒரே மூச்சில் மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்கு இறங்கி, பாலக்காடு சுற்றிக் கோவை திரும்பத் திட்டம் போடுகிறார்கள். வரைபடத்தில் அழகான வட்டமாகத்தான் தெரியும். அந்தக் காட்டுப்பாதையில் இரவில் வண்டி விடமாட்டார்கள், வேகமாகவும் ஓட்ட முடியாது. அது இரண்டு நாள் வேலை.

வால்பாறைக்கு எதிரான ஒரே வாதம் வயிறு. வளைவுகளில் குமட்டும் குழந்தைகளோ வயதானவர்களோ உடன் இருந்தால் கோத்தகிரிதான் சரி. மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கி.மீ., மூன்றில் இதுதான் குறைந்த நேரம் வண்டியில் உட்காரும் பயணம். கோத்தகிரி வழியாக ஏறி, குன்னூர் வழியாக இறங்கினால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. கோடநாடு காட்சிமுனையில் மாயாற்றுப் பள்ளத்தாக்கும் பவானிசாகர் நீர்ப்பரப்பும் தெரியும். தென்மேற்குப் பருவத்தில் கீழே சமவெளி வெயிலில் கிடக்க, தலைக்கு மேல் மேகம் ஓடும் காட்சி இங்கே கிடைக்கும். மலை ரயிலை இதோடு சேர்க்க நினைத்தால் முன்பதிவு வேண்டும், காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் இருந்தாக வேண்டும். காரை அங்கேயே விட்டுவிடுவதால் கோடநாட்டை மறந்துவிடலாம்.

அக்டோபர், நவம்பரில் கணக்கு தலைகீழ். 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தது வடகிழக்கு மழையில்தான். மலை ரயில் பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து வண்டி ரத்தாவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். எச்சரிக்கை வந்த நாளில் கோத்தகிரிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

அப்புறம் மூணாறு. உடுமலை வழியாகப் போனால் ஒரு வழிக்கே 150 கி.மீ.க்கு மேல் வரும், ஒரு நாளுக்கு அதிகம். ஆனால் அதே சாலையில் மறையூரோடு நிறுத்திக்கொண்டால் மற்ற இரண்டிலும் இல்லாத ஒன்று கிடைக்கிறது. வழியில் வரும் சின்னாறு மழை மறைவுப் பகுதி, அதாவது மழை மேகத்தை மலை தடுத்துவிடும் இடம். ஜூலையிலும் முள்மரமும் காய்ந்த புல்லுமாகக் கிடக்கும். மறையூரில் சந்தன மரங்கள், கரும்புத் தோட்டம், வெல்லம் காய்ச்சும் கொட்டகை, பாறை மேல் பெருங்கற்கால மக்கள் கல்லால் கட்டிய ஈமச்சின்னங்கள். அங்கிருந்து மூணாறு திசையில் லக்கம் அருவி வரை போனால் சட்டென்று தேயிலையும் மழையும் வந்துவிடும். சிறிது தூரத்துக்குள் வறட்சியிலிருந்து ஈரத்துக்குப் போவது ஒரு வேடிக்கைதான். மழையே வேண்டும் என்பவர்களுக்கு இது ஏமாற்றம், வால்பாறையை ஏற்கனவே பார்த்துச் சலித்தவர்களுக்கு நல்ல மாற்று.

கிளம்பும் முன் சில விஷயங்கள். நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம், வால்பாறைக்கும் 2025 நவம்பரில் வந்துவிட்டது. முந்தின இரவே எடுத்துவிடுங்கள். வால்பாறையில் புல்லில் கால் வைத்தால் அட்டை ஏறும், கொஞ்சம் உப்பு கையில் இருக்கட்டும். மூட்டத்தில் ஹெட்லைட்டைத் தாழ்த்தி வையுங்கள், உயர்த்தினால் வெளிச்சம் நம் கண்ணிலேயே அடிக்கும். வளைவில் ஏறிவரும் வண்டிக்கு வழிவிட்டு, ஏறிய அதே கியரில் இறங்குங்கள். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் மதியம் மூன்று மணிக்கு வால்பாறையிலிருந்து வண்டியைத் திருப்பிவிட்டால் ஆழியாறு வரை பகல் வெளிச்சத்திலேயே இறங்கிவிடலாம்.