மல்டிபர்பஸ் சொல்யூஷனிலிருந்து பெராக்சைடுக்கு: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மாதம் ஒருமுறை மாற்றும் சிலிக்கோன் ஹைட்ரோஜெல் என்ற மென்மையான பொருளாலான கான்டாக்ட் லென்ஸ்களையே நான் பல ஆண்டுகளாக அணிந்து வருகிறேன். அவற்றைச் சுத்தம் செய்யத் தொடக்கத்தில் மல்டிபர்பஸ் சொல்யூஷனையும், பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு சொல்யூஷனையும் நெடுங்காலம் பயன்படுத்தியிருப்பதால், இரண்டையும் பற்றிச் சற்று உறுதியாகவே சொல்ல முடிகிறது.

மல்டிபர்பஸ் சொல்யூஷனின் வசதியை மறுப்பதற்கில்லை. கழுவவும், கிருமி நீக்கவும், ஊறவைக்கவும் ஒரே புட்டி போதும். ஆனால் அதிலுள்ள கிருமிநாசினி ஓரளவு லென்ஸில் தங்கிவிடுவதால் சிலருக்கு மாலை நேரத்தில் உறுத்தலும் வறட்சியும் ஏற்படும். எனக்கும் அதுவே தொல்லையாக இருந்ததால், கண் மருத்துவரின் ஆலோசனைப்படி பெராக்சைடுக்கு மாறினேன்.

இதில் 3 சதவீதப் பெராக்சைடை அதற்கென உள்ள நிமிர்ந்த டப்பாவில் ஊற்றி, லென்ஸ்களைக் கூடையில் வைத்து மூடினால், அடியிலுள்ள பிளாட்டினம் பூசிய வட்டில் பட்டதும் குமிழிகள் பொங்கி எழும். பெராக்சைடு நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைவதன் அடையாளம் அது. அந்த வாயு வெளியேறுவதற்காகவே மூடியில் சிறு துளை இருக்கிறது. முழுமையாகச் சிதைய குறைந்தது 6 மணி நேரம் ஆகும் என்பதால் இடையில் லென்ஸை எடுத்து அணியவே கூடாது. சாதாரணத் தட்டை டப்பாவில் இதை ஊற்றினால் சிதைவு நடக்காது. காலையில் அந்த லென்ஸை அணிந்தால் கண் எரிந்துபோகும் அளவுக்கு வேதனை. புதுப் புட்டியுடன் வரும் டப்பாவைத் தவறாமல் பயன்படுத்த வேண்டியதும் இதனால்தான், வட்டின் திறன் நாளடைவில் குறைந்துவிடும். மாறியபின் என் மாலை நேர உறுத்தல் பெரும்பாலும் நின்றது. அவசரத்துக்குச் சற்று நேரம் லென்ஸைக் கழற்றி வைத்து மீண்டும் அணிய இது உதவாது என்பதுதான் குறை. பயணங்களில் ஒருநாள் மட்டும் அணிந்து எறியும் லென்ஸ்களையே எடுத்துச் செல்கிறேன்.

இருப்பினும், எந்தப் புட்டி என்பதைவிடக் கையால் செய்யும் வேலைதான் முக்கியம் என்பது என் எண்ணம். மல்டிபர்பஸ் பயன்படுத்திய காலத்தில், உள்ளங்கையில் லென்ஸை வைத்து, சில துளிகள் விட்டு, விரல் நுனியால் இருபுறமும் மெல்லத் தேய்த்து அலசிய பிறகே ஊறவைப்பேன். மேலே படிந்த கொழுப்பும் புரதமும் வெறுமனே ஊறுவதால் போவதில்லை. பழைய சொல்யூஷனுடன் புதியதைச் சேர்த்து நிரப்புவது கிருமிநீக்கும் திறனைக் கெடுக்கும். உப்புக்கரைசல் அலசுவதற்கு மட்டுமே உரியது, அது கிருமியைக் கொல்லாது. குழாய் நீரோ இதில் எந்தக் கட்டத்திலும் நுழையக்கூடாது. அதில் வாழும் அகாந்தமீபா என்ற ஒற்றைச்செல் உயிரி கருவிழியையே பாழாக்கிவிடும். 2006இல் ஃபியூசேரியம் பூஞ்சைத் தொற்று காரணமாகவும், 2007இல் அகாந்தமீபா தொற்று காரணமாகவும் இரண்டு மல்டிபர்பஸ் சொல்யூஷன்கள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்ட பிறகுதான், தேய்க்காமல் அலசினாலே போதும் என்ற பேச்சு வலுவிழந்தது.

மல்டிபர்பஸ் பயன்படுத்துவோர் தட்டை டப்பாவைக் காலையில் காலி செய்து, சொல்யூஷனாலேயே அலசி, சுத்தமான காகிதத் துண்டால் துடைத்துக் கவிழ்த்து உலரவிட வேண்டும். 3 மாதத்துக்கு மேல் அதை வைத்திருப்பதில் பொருளில்லை. கண் சிவந்து, வலியோ வெளிச்சக் கூச்சமோ இருந்தால் லென்ஸை உடனே கழற்றி, அதையும் டப்பாவையும் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். கிருமியைக் கண்டறியும் சோதனைக்கு அவை தேவைப்படலாம்.