தட்ஸ் என்டர்டெயின்மென்ட்: பத்து வருடத்துக்கு மேல் பார்த்த மூன்று டிவிடிகள்

வாங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. 'தட்ஸ் என்டர்டெயின்மென்ட்' என்ற பெயரில் வந்த மூன்று படங்களும் சேர்ந்த டிவிடி தொகுப்பு. 1924-ல் தொடங்கிய ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். ஸ்டூடியோ, தன் பொன்விழாவுக்காக 1974-ல் பழைய இசைப் படங்களின் பாட்டையும் ஆட்டத்தையும் தொகுத்து முதல் படத்தை வெளியிட்டது. இரண்டாவது 1976-ல், மூன்றாவது 1994-ல். கதை என்று எதுவும் கிடையாது. அந்தக் காலத்து நட்சத்திரம் ஒருவர் வந்து நாலு வார்த்தை பேசுவார், அப்புறம் பாட்டு.

முதல் இரண்டு வருடம் முதல் படத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டேன். 'சிங்கிங் இன் தி ரெய்ன்' பாட்டு 1952-ல் அதே பெயர் கொண்ட படத்தில் நடிகர் ஜீன் கெல்லி குடையோடு ஆடியதற்காகப் பிறந்தது என்றே நினைத்திருந்தேன். அது 1929-லேயே திரைக்கு வந்துவிட்டது, நடுவில் நடிகை ஜூடி கார்லண்டும் பாடியிருக்கிறார் என்பதை இந்தப் படத்தின் ஆரம்பமே வரிசையாகக் காட்டிவிடுகிறது.

ஆனால் இன்று அதில் என்னை நிறுத்துவது பாட்டு அல்ல, நடன நட்சத்திரம் ஃப்ரெட் அஸ்டேர் பேசும் இடம். 'தி பேண்ட் வேகன்' படத்தில் அவர் பாடிக்கொண்டே நடந்து வந்த ரயில் நிலைய செட், இருபது வருடம் கழித்துச் சிதைந்து கிடக்கிறது. அதற்குள் அவர் அதே நடையோடு வருகிறார். ஸ்டூடியோ தன் நிலத்தையும் சாமான்களையும் விற்றுக்கொண்டிருந்த காலம் அது. முதல் முறை பார்த்தபோது இது எனக்கு உறைக்கவே இல்லை.

இரண்டாவது படத்தைக் குறைவாகத்தான் போடுகிறேன். காமெடி, வசனக் காட்சிகள் எல்லாம் கலந்து கொஞ்சம் சிதறிப்போகிறது. அஸ்டேரும் கெல்லியும் சேர்ந்து ஆடும் பகுதிகளுக்காக மட்டும் எடுப்பேன். அஸ்டேருக்கு அப்போது வயது 75-ஐத் தாண்டிவிட்டது. இருவரும் அதற்கு முன் திரையில் சேர்ந்து ஆடியது 1946-ல்.

சரி, மூன்றாவதுக்கு வருகிறேன். நீண்ட நாள் துணைக்கு நிற்பது இதுதான். வெட்டி எறியப்பட்ட பாடல்கள், கேமராவுக்குப் பின்னால் நடந்த வேலை எல்லாம் இதில் இருக்கிறது. ஒரே பாடலுக்கு அஸ்டேர் இரண்டு உடைகளில், இரண்டு தனித்தனிப் படப்பிடிப்புகளில் ஆடியதை ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுகிறார்கள். கை தூக்கும் கணம், திரும்பும் கணம், கால் நிற்கும் இடம் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்று. எத்தனை நாள் பயிற்சி இருந்தால் இது வரும்! நான் ஒவ்வொரு முறையும் இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை என்று பார்ப்பேன்.

பின்னணிப் பாடல் நமக்குப் பழகியது. இங்கே இந்தியா ஆடம்ஸ் என்ற பாடகியின் குரலில் பதிவான ஒரே பாட்டுக்கு இரண்டு நடிகைகள் வாயசைக்கிறார்கள். சிட் சாரிஸ் ஆடியது படத்திலிருந்து வெட்டப்பட, அதே பதிவை ஜோன் கிராஃபர்டுக்கு இன்னொரு படத்தில் போட்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது சாரிஸுக்காக மனசு கனக்கிறது.

லீனா ஹார்ன் தோன்றும் பகுதியை நான் ஒருநாளும் ஓட்டிவிட்டுப் பார்த்ததில்லை. கறுப்பினத்தவர் என்பதால், அமெரிக்கத் தென் மாநிலத் தியேட்டர்களில் வெட்டியெடுக்கத் தோதாக, பல படங்களில் அவர் பாட்டைக் கதையோடு ஒட்டாமல் தனியாக வைத்தார்கள். அவ்வளவு பெரிய பாடகிக்கு அந்த நிலைமை. வெட்டப்பட்ட அவருடைய ஒரு பாட்டும் இதில் இருக்கிறது.

இந்த டிஸ்க்தான் அதிகம் தேய்ந்தது. எங்கள் பழைய பிளேயரில் நடுவே நின்று நின்று போனது. மெல்லிய துணியால் துடைத்து வேறு பிளேயரில் போட்டதும் சரியானது. வாங்குகிறவர்கள் முதல் படத்திலிருந்தே தொடங்குங்கள், பாட்டுகள் பழகிய பிறகு மூன்றாவதுக்குப் போங்கள்.

போன மாதம் அம்மாவுக்கு இதே மூன்றாவது படத்திலிருந்து, நடன நடிகை எலினோர் பவல் ஆடும் 1941 பாட்டைப் போட்டேன். திரையின் ஒரு பாதியில் படத்தில் வந்த ஆட்டம். மறு பாதியில் கேமராவுக்கு வழிவிட, பியானோக்களையும் திரைச்சீலைகளையும் அவசர அவசரமாக நகர்த்தும் ஆட்கள். அம்மா ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. "அந்தப் பிள்ளைங்களைப் பாரு, தாளம் தப்பாம தள்ளுதுங்க" என்றார். மறுபடியும் போடச் சொன்னார்.