வராத 5 காவலாளிகளுக்கு 5,40,000 ரூபாய்: அபார்ட்மென்ட் சங்கங்கள் கவனிக்க

5,40,000 ரூபாய். வேலைக்கே வராத ஆட்களுக்கு எங்க சங்கம் கட்டின சம்பளம் இது. தலைக்கு மாசம் 18,000, 5 பேர், 6 மாசம். இதுக்கு மேல 18 சதவீத ஜி.எஸ்.டி. 97,200 தனி. செக்யூரிட்டி ஏஜென்சி பேர் இங்க வேண்டாம், வக்கீல் நோட்டீஸ் போயிருக்கு.

காகிதத்துல எல்லாம் பக்கா. 2005-ம் வருஷத்து தனியார் செக்யூரிட்டி ஏஜென்சிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி வாங்கின லைசன்ஸ், மிலிட்டரியில இருந்தவர்னு ஒரு ஃபீல்டு ஆபீசர். பொறுப்பேத்த அன்னிக்கு கேட்ல பெரட் தொப்பி, விசில் கயிறு, பளபளன்னு பூட்ஸோட வரிசையா நின்னு ஒரு சல்யூட் அடிச்சாங்க பாருங்க, கமிட்டி மொத்தமும் அதுலயே விழுந்துடுச்சு. அது ஷோ டீம். புது சைட் பிடிக்க மட்டும் வருவாங்க, பத்து நாள்ல ஒவ்வொருத்தரா அடுத்த சைட்டுக்குப் போயிடுவாங்க. பதிலுக்கு வர்றவருக்கு 100 மணி நேர வகுப்பு, 60 மணி நேரக் களப் பயிற்சி இருக்கணும்னு விதி. வந்தவங்களுக்குத் தீயணைப்பான் பின்னைக் கழட்டவே தெரியலை.

பில்லுல திருட்டு நடக்கிறது நைட் ஷிஃப்ட்ல. ஒப்பந்தம் 8 மணி நேரம், மூணு ஷிஃப்ட். மதியம் 2 மணிக்கு ஏறினவர் ராத்திரி 10-க்கு இறங்காம அப்படியே தொடர்வார், ரிஜிஸ்டர்ல மட்டும் வேற பேர்ல கையெழுத்து. ஏஜென்சி அவருக்குக் கொடுக்கிறது சொற்பம், பில்லுல முழு ஆள். 13 மணி நேரம் நின்னவர் விடியக்காலை மூணு மணிக்கு நாற்காலியில சாயாம என்ன செய்வார்? அவர் மேல கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை.

மாட்டினது ரவுண்ட்ஸ் லாக்ல, அதாவது காவலாளி ராத்திரி சுத்தி வந்த நேரப் பதிவுல. ஒவ்வொரு பிளாக்லயும் ஒட்டியிருக்கிற டேக்ல கருவியைத் தொட்டுட்டுப் போகணும். மொத்தம் 16 டேக், நடந்தா குறைஞ்சது 40 நிமிஷம். லாக்ல 2:04-க்கு முதல் டேக், 2:07-க்குப் பதினாறாவது! டபுள் டேப்ல ஒட்டினதை எல்லாம் உரிச்சு, கேட் ரூம் டிராயர்ல பிஸ்கட் டப்பாவுக்குள்ள போட்டு வச்சிருந்தாங்க. உட்கார்ந்த இடத்துலயே ரவுண்ட்ஸ்.

ஃபீல்டு ஆபீசரைக் கேட்டா, "மாத்தி விட ரிலீவர் வழியில வந்துட்டிருக்கார் சார்". அடுத்து, "ஆபரேஷன்ஸ்ல பேசிட்டுச் சொல்றேன்". அப்புறம் "அடுத்த பில்லுல கிரெடிட் நோட் போட்டுக் கழிச்சுடலாம்". அடுத்த பில்லும் முழுசாத்தான் வந்துச்சு. கடைசியில, "அட்டெண்டன்ஸ்ல உங்க எஸ்டேட் மேனேஜர் கையெழுத்து இருக்கே". இப்ப ஃபீல்டு ஆபீசர் போனையே எடுக்கிறதில்லை. 5,40,000 ரூபாய்க்கு இதுதான் பதில்.

விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

பில்லோட அந்த மாசத்து பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலானையும் ஆள்வாரிப் பட்டியலையும் சேர்த்து வாங்குங்க, இல்லாம பணம் விடாதீங்க. பில்லுல இருக்கிற ஒவ்வொரு பேரும் பட்டியல்ல இருக்கணும். ஏஜென்சி பி.எஃப். கட்டலைன்னா முதன்மை வேலையளிப்பவர்னு சங்கத்து மேலயே வந்து விழும்.

டேக்கை ஸ்க்ரூ போட்டு அடிங்க. லாக்கை நேரடியா உங்க மெயிலுக்கு வர வைங்க, சூப்பர்வைசர் கை வழியா வேண்டாம்.

ராத்திரி 2 மணிக்குச் சொல்லாம போய் தலை எண்ணுங்க.

போலீஸ் மாதிரி காக்கி, தோள்ல ஸ்டார்னு ஆசை காட்டினா மயங்காதீங்க. போலீஸ் சீருடை மாதிரி போட்டா அதே 2005 சட்டத்துல தண்டனை உண்டு. யாரையாவது பிடிச்சாலும் 6 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல ஒப்படைக்கணும், கேட் ரூம்ல வச்சு விசாரிக்கிற அதிகாரம் இவங்களுக்குக் கிடையாது.

டெபாசிட் கேட்டா கொடுக்காதீங்க.