பழுப்புச் சீஸும் ஓர் இழைப்புளியும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் முப்பது வருடமாக மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். சாப்பாட்டைப் பற்றி எழுதுகிற ஆள் இல்லை. போன ஜூனில் நார்வேயில் மகள் வீட்டுக்குப் போய் வரும்போது அரைக் கிலோ பழுப்புச் சீஸ் கொண்டுவந்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் 'எப்படி இருக்கு, வாங்கலாமா?' என்று கேட்பதால் எழுதுகிறேன்.

புரூனோஸ்ட் என்று பெயர். பார்க்கத் துணி சோப்புக் கட்டிதான். சீஸ் எடுத்தபின் மிஞ்சும் தண்ணீரில் பாலும் பாலேடும் சேர்த்து, வற்ற வற்றக் காய்ச்சுகிறார்கள். பாலில் உள்ள சர்க்கரை கருகாமல் சிவந்து அந்த நிறம் வருகிறது. பாலேடு சேர்க்கும் யோசனை 1863-இல் ஆன்னே ஹோவ் என்ற பெண்ணுக்கு வந்ததாம். நம் திரட்டுப்பாலுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெர்கன் போய் இறங்கிய அன்றே கத்தியால் விரல் பருமனுக்கு வெட்டி வாயில் போட்டேன். இனிப்பு, உப்பு, பின்னாலேயே ஆட்டுப்பால் வாடை. மேலண்ணத்தில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டது. "திரட்டுப்பால்ல யாராவது உப்பு போடுவாங்களா?" என்று என் வீட்டுக்காரி எழுந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபுளோயன் குன்றுக்குக் கிளம்பினோம். 320 மீட்டர் உயரம். மேலே போக 1918-லிருந்து ரயில் ஓடுகிறது. மருமகனோ, "நடந்தே போயிடலாம் மாமா" என்றார். மழை தூறிக்கொண்டே இருந்தது. பாதி வழியில் காற்று என் குடையைத் திருப்பிவிட்டது. கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஏறுகிறவர்கள்கூட மழையைப் பொருட்படுத்தவில்லை. அங்கே சாகுபடி இல்லாத நிலத்தில், யாருடையதானாலும், யாரும் நடக்கலாம். வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரமும் போடலாம். 1957-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே பங்காளி வரப்பில் கால் வைத்தாலே பஞ்சாயத்து.

மேலே ஒரு பாறையில் உட்கார்ந்து எங்கள் புளிசாதத்தைத் திறந்தோம். மருமகன் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார். துண்டுக்குத் துண்டு நடுவே காகிதம். ஒவ்வொன்றிலும் வெண்ணெய், அதன்மேல் ஒரே ஒரு சீவல் புரூனோஸ்ட். ஒன்றை வாங்கிக் கடித்தேன். அதே சீஸா என்று சந்தேகமாக இருந்தது. உப்பு அடங்கி, இனிப்பு மெதுவாகக் கரைந்தது. முதல் நாள் என் கத்திதான் கெடுத்திருக்கிறது.

சீவியது ஓஸ்தெஹோவெல் என்ற கருவி. ஓஸ்ட் என்றால் சீஸ், ஹோவெல் என்றால் இழைப்புளி! லில்லெஹாம்மரில் தூர் பியோர்க்லுண்ட் என்ற தச்சர் தன் இழைப்புளியைப் பார்த்துச் செய்து, 1925-இல் காப்புரிமை வாங்கியிருக்கிறார். தகட்டில் ஒரு கீறல், விளிம்பில் கூர், அவ்வளவுதான். பட்டறையில் நாம் தள்ளுவோம். இதை நம் பக்கமாக இழுக்க வேண்டும். முப்பது வருடக் கைக்கு அது பழக இரண்டு நாள் ஆனது. பழகியபின் வந்த சீவல், நல்ல தேக்கில் சுருண்டு வருமே, அப்படி.

குன்றின் மேல் ஒரு கடையில் வாஃபிள்மேல் இதையே தடித்தடியாக வெட்டிப் போட்டுத் தந்தார்கள். பாதியில் வைத்துவிட்டேன். கொழுப்பும் சர்க்கரையும் அவ்வளவு இருக்கிறது: 2013-இல் சுரங்கப்பாதையில் லாரியோடு 27 டன் புரூனோஸ்ட் தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்ததாம்.

கடலூரில் என்ன ஆச்சு? கரண்ட் போன ஒரு மத்தியானம் கட்டி இளகி, கருவியில் அப்பிக்கொண்டது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு சீவிவிட வேண்டும், ஐந்து நிமிடம் விட்டால் போச்சு. புதுச்சேரியில் வாங்கிய பாகெத் என்ற நீள ரொட்டியின் மேல் சரிப்படவில்லை, மேல்தோல் முறுகல் ஜாஸ்தி. சூடான தோசையில் ஒரு சீவல் போட்டு மடித்தால் அருமை. வீட்டுக்காரியே இரண்டு தோசை சாப்பிட்டாள், உப்புப் பேச்சு எழவில்லை.

யாராவது வாங்கிவரச் சொன்னால் கருவியையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் சீஸ் தீர்ந்து ஒரு மாதம் ஆகிறது. அதில் இப்போது வெள்ளரிக்காய் சீவுகிறோம்.